ஆர்மி கேப்டன் வேறு, நேவி கேப்டன் வேறு

வணக்கம் அம்மா. என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) விண்ணப்பத்தில் பையன் ராணுவத்தை முதலில் போடுவதா, கடற்படையைப் போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். "ஆர்மியில் ரெண்டே வருஷத்தில் கேப்டன், நேவியில் அதே ரெண்டு வருஷத்துக்கு வெறும் லெப்டினென்ட்தான்" என்று உங்கள் கொழுந்தனார் சொன்னாராம். வருஷக் கணக்கு சரி. அதை வைத்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு.

பெயர்தான் ஏமாற்றுகிறது. ராணுவத்தில் கேப்டன் என்பவர் தோளில் மூன்று நட்சத்திரம் வைத்த இளைஞர், அதிகாரியாகி இரண்டு ஆண்டு முடித்தவர், அவ்வளவுதான். கடற்படை லெப்டினென்ட்டும் அதே படிதான். கடற்படையில் கேப்டன் என்றால் ராணுவக் கர்னலுக்குச் சமம். அந்தப் படிக்கு ஏறத் தேர்வுக் குழு தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் 26 ஆண்டு சேவை முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் கேப்டன் என்ற சொல்லைக் கேட்டதும் எந்தப் படை என்று கேளுங்கள்.

மற்றபடி முப்படையிலும் ஏணி ஒன்றுதான். ராணுவத்தில் லெப்டினென்ட்டாகச் சேர்பவரும் கடற்படையில் சப் லெப்டினென்ட்டாகச் சேர்பவரும் விமானப்படையில் ஃபிளையிங் ஆபீசராகச் சேர்பவரும் ஒரே படிதான், அடிப்படைச் சம்பளமும் ஒரே 56,100 ரூபாயில்தான் தொடங்குகிறது, ராணுவ சேவை ஊதியம் (மிலிட்டரி சர்வீஸ் பே) 15,500 ரூபாயும் மூவருக்கும் ஒன்றுதான். ஆறு ஆண்டில் ராணுவத்தில் மேஜர், கடற்படையில் லெப்டினென்ட் கமாண்டர், விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர். பதின்மூன்று ஆண்டில் லெப்டினென்ட் கர்னல், கமாண்டர், விங் கமாண்டர். நம் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் மேஜரும் லெப்டினென்ட் கமாண்டரும் ஸ்குவாட்ரன் லீடரும் சேர்ந்தே படிக்கிறார்கள், யாரும் யாருக்கும் மேல் இல்லை.

அதனால் பதவிப் பெயரை வைத்து வரிசை போடாதீர்கள். மாதக்கணக்கில் கடலில் இருப்பது அவனுக்குப் பிடிக்குமா, எல்லையில் பனியிலும் பாலைவனத்திலும் வீரர்களோடு கிடப்பது பிடிக்குமா என்று அவனிடமே பேசுங்கள். அப்புறம், பன்னிரண்டாம் வகுப்பில் என்ன குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. ராணுவப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் போதும், கடற்படைக்கும் விமானப்படைக்கும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றும் வேண்டும். விமானி ஆக ஆசை என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் விமானம் ஓட்டும் திறனைக் கருவியில் சோதிக்கும் தேர்வில் ஒருமுறை தவறினால் வாழ்நாளில் மறுபடி எழுத முடியாது.

கண்ணாடி போடுகிறானா? இந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பார்வையோடு நிறப் பார்வையும் சோதித்துவிடுங்கள். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், வரிசையை அவனோடு உட்கார்ந்து போட்டுவிடலாம்.