ஒருவர் படிக்கும்போதே டேபிளை நீக்குவது எப்படி? கேள்வி பதில்

ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் டேபிளை நீக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஐயா, பழைய தற்காலிக டேபிள்களை நீக்கும் நிரல் ஒன்று இரவில் ஓடுகிறது. டேபிள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நீக்குகிறோம். ஆனாலும் சில நாள் ‘டேபிள் இல்லை’ என்று பிழை வருகிறது. எங்கே தவறு?

பதில்: பார்ப்பதில்தான் தவறு. பார்ப்பதற்கும் நீக்குவதற்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் நிரலின் இன்னொரு பிரதி அதே டேபிளை நீக்கிவிடலாம். பத்து முறை பார்த்தாலும் அந்த இடைவெளி அடைபடாது. பார்க்கும் வரியை எடுத்துவிட்டு, ‘டிராப் டேபிள் இஃப் எக்ஸிஸ்ட்ஸ்’ (டேபிள் இருந்தால் நீக்கு) என்று நேராகக் கேளுங்கள். டேபிள் இல்லாவிட்டால் பிழைக்குப் பதிலாக அறிவிப்பு மட்டும் வரும்.

போஸ்ட்கிரெஸ் பெயரைக் கொண்டு டேபிளின் உள் எண்ணைத் தேடி எடுக்கிறது. பிறகு லாக், அதாவது அந்த டேபிளைப் பயன்படுத்துவதற்கான பூட்டு, கேட்கிறது. லாக்குக்காகக் காத்திருந்த வேளையில் அந்தப் பெயர் மறைந்ததா, வேறு டேபிளுக்குப் போனதா என்று மறுபடி தேடுகிறது. 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்துதான் இந்த மறுதேடல் இருக்கிறது. அந்த வேலையை நம் நிரலில் நாமே எழுத முயல வேண்டாம்.

கேள்வி: பயன்படாத டேபிள் என்று நினைத்து நீக்கினேன். கட்டளை முடியவே இல்லை, தளமும் நின்றுவிட்டது. படிப்பவர்கள் ஏன் நிற்க வேண்டும்?

பதில்: நானும் ஒரு பகல் நேரத்தில் இதே தவறைச் செய்து, பல பேருடைய வேலையை நிறுத்தியிருக்கிறேன். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

குறுகிய பாலத்தில் மாட்டுவண்டி ஒன்று மெல்லப் போகிறது. பாலம் முழுவதும் காலியானால்தான் ஏறுவேன் என்று வாயிலில் ஒரு லாரி நிற்கிறது. வண்டியோடு சேர்ந்து போயிருக்கக்கூடிய சைக்கிள்களும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. நீண்ட அறிக்கை ஒன்றைத் தயாரிக்கும் ‘செலக்ட்’ என்ற வாசிப்புக் கட்டளைதான் அந்த வண்டி, உங்கள் ‘டிராப்’ என்ற நீக்கும் கட்டளை லாரி. ‘டிராப்’ கேட்பது ‘ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ்’ லாக். சாதாரண வாசிப்புக்குக்கூட அது இடம் தராது. கிடைக்கும் முன்பே, வரிசையில் நிற்கும்போதே, பின்னால் வரும் வாசிப்புகளைத் தடுத்துவிடுகிறது.

எனவே நீக்கும் முன், முழுவதும் நடக்கும் அல்லது முழுவதும் கைவிடப்படும் கட்டளைத் தொகுப்பான அந்த டிரான்சாக்‌ஷனுக்குள் ‘லாக்_டைம்அவுட்’ என்ற லாக் காத்திருப்பு வரம்பை 2 வினாடி என்று வையுங்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் 55பி03 என்ற பிழைக் குறியீடு வரும். டிரான்சாக்‌ஷனைக் கைவிட்டு, சற்று இடைவெளி விட்டு, புதிய டிரான்சாக்‌ஷனில் முயலுங்கள். பிழை கண்ட டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே திரும்பத் திரும்ப முயல்வது வீண். இந்த வரம்பு ஒவ்வொரு லாக்குக்கும் தனித்தனி என்பதையும் மறக்க வேண்டாம். நீக்கும் டேபிளிலிருந்து வேறொரு டேபிளுக்கு ஃபாரின் கீ (அதன் வரிகளைச் சுட்டும் இணைப்பு) இருந்தால், அந்த டேபிள் மேலும் அதே கடுமையான லாக் விழும். ‘பயன்படாத டேபிள்தானே’ என்று நினைப்பவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: நான் எதையும் நீக்கவில்லை. எல்லா டேபிள்களின் அளவையும் கூட்டிப் பார்க்கிறேன். நடுவில் யாரோ ஒரு டேபிளை நீக்கினால் என் வினவல் விழுந்துவிடுகிறது.

பதில்: பெயரை ‘ரெக்கிளாஸ்’ (பெயருக்குரிய உள் எண்ணைக் குறிக்கும் வகை) ஆக மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன், டேபிள் போயிருந்தால் அந்த மாற்றமே பிழை தரும். டேபிள்களைக் குறித்துவைக்கும் ‘பிஜி_கிளாஸ்’ பட்டியலில் உள்ள ஓஐடி என்ற உள் எண்ணையே, அளவைச் சொல்லும் ‘பிஜி_டேபிள்_சைஸ்’ஸுக்குக் கொடுங்கள். டேபிள் மறைந்திருந்தால் 9.2 முதல் ‘நல்’ என்ற வெற்று மதிப்புதான் வரும். கூட்டல் அதை விட்டுவிடும். பெயர்தான் கையில் இருக்கிறதென்றால், டேபிள் இல்லாதபோது பிழைக்குப் பதில் ‘நல்’ தரும் ‘டு_ரெக்கிளாஸ்’ உதவும். சி மொழியில் நீட்சி எழுதுபவர்கள், டேபிளைத் திறக்கும் ‘ரிலேஷன்_ஓபன்’ என்பதற்குப் பதில் ‘டிரை_ரிலேஷன்_ஓபன்’ அழைத்து, ‘நல்’ வந்தால் அடுத்த டேபிளுக்குப் போகலாம்.

கேள்வி: இரண்டு நிரல்கள் பல டேபிள்களை நீக்கும்போது டெட்லாக் (ஒன்றின் லாக்குக்காக மற்றொன்று காத்து இரண்டும் நிற்பது) வருகிறது.

பதில்: ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு ஒரு டேபிள் என்று பிரியுங்கள். ஒன்றாகத்தான் நீக்க வேண்டும் என்றால், எல்லா நிரல்களும் பெயர்களை ஒரே வரிசையில் அடுக்கிக்கொள்ளட்டும். நிரல்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் பூட்டைக் கேட்கும் ‘பிஜி_டிரை_அட்வைசரி_லாக்’ கொண்டு ஒரு நேரத்தில் ஒரு பிரதி மட்டும் ஓடும்படி செய்வது இன்னும் நல்லது.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்திலும் இப்படித்தானா?

பதில்: வரிசையில் நிற்பது அங்கும் உண்டு, அதை மெட்டாடேட்டா லாக் என்பார்கள். ஆனால் அங்கே காத்திருப்பு வரம்பான ‘லாக்_வெயிட்_டைம்அவுட்’டின் இயல்பு மதிப்பு 3,15,36,000 வினாடி, அதாவது ஒரு முழு ஆண்டு. முதலில் அதைக் குறையுங்கள். போஸ்ட்கிரெஸில் ‘டிராப்’பையும் ரோல்பேக் செய்யலாம், அதாவது நடக்காததுபோல் திருப்பிவிடலாம். மைஎஸ்க்யூஎல்லில் அது தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது உறுதியாகிவிடும்.