முன்னே நிற்கும் கை

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் எட்டு மாதமாகக் குத்துச்சண்டை பழகுகிறேன். எனக்கு இடது கைப் பழக்கம். ஆனால் பயிற்சியாளர், வலது கைக்காரர்களைப் போல இடது காலையும் இடது கையையும் முன்னே வைத்து நிற்கச் சொல்கிறார். நேராக நீட்டிக் குத்தும் ஜாப் போட்ட கையாலேயே, உடனே முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் ஹூக்கையும் போடு என்கிறார். பலமான கையைப் பின்னே வைத்து ஓங்கி அடிக்க விடாமல் வீணாக்குகிறாரோ என்று தோன்றுகிறது. இந்த அடியில் தேர்ந்தவர்கள் யார்? ஜோ பிரேசியர்தானே முதலிடம்? வட சென்னைக்குப் போனால்தான் இதையெல்லாம் கற்க முடியுமா?

ச., கிருஷ்ணாபுரம்

அன்புள்ள தம்பி,

வட சென்னையை விடுங்கள். எட்டு மாதத்தில் ஊரைக் குறை சொல்லப் பழகிவிட்டீர்கள், அது போதும்.

பிரேசியர் விஷயத்தில் கோபமே வந்தது. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில், பதினைந்தாவது சுற்றில் முகமது அலியைத் தரையில் வீழ்த்தியது அவருடைய இடது ஹூக்தான். ஆனால் ஜாபுக்குப் பின்னால் வந்த ஹூக்கா அது? குனிந்து, அசைந்து, உள்ளே புகுந்து வீசுகிறவர் அவர். சிறுவயதில் பன்றி துரத்தி, விழுந்து முறிந்த இடது கை அவருக்குக் கடைசிவரை முழுதாக நீளவில்லை. நீங்கள் கேட்பதோ நீட்டிய கை பாதி வழியில் வளைவதை. காணொளி பார்த்தால் மட்டும் போதாது, காலையும் தோளையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பதிலை எழுத வைத்தது உங்கள் சந்தேகம்தான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆஸ்கர் டி லா ஹோயா பிறவி இடது கைக்காரர். மிகுவேல் கோட்டோவும் அப்படியே. 1963இல் வெம்பிளியில், நான்காம் சுற்று முடியும் நேரத்தில், அப்போது காசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலியைக் கயிற்றோரம் சாய்த்த ஹென்றி கூப்பரும் இடது கைக்காரரே. மூவரும் உங்களைப் போலத்தான் நின்றார்கள், இடது கையை முன்னே வைத்து.

ஜாப் நேராகப் போகிறது. தட்டிவிடுவதற்காக எதிராளியின் வலது கை கன்னத்தை விட்டு நாலு விரற்கடை முன்னே வருகிறது. உங்கள் கை முழுதும் திரும்பாமல், பாதியில் முழங்கை மடங்கி உயர்ந்து, அந்த நாலு விரற்கடை இடைவெளியில் பக்கவாட்டாக நுழைகிறது. முன்னங்காலும் இடுப்பும் திரும்பினால் கை தானே வரும். ஜாப் ஒப்புக்குப் போட்டதாக இருந்தால் அவன் கை எழாது, உங்களுக்கு வழியும் கிடைக்காது. மற்றவர்களுக்கு இடது கை தூது போகும் கை. உங்களுக்குத் தூது போவதே அடிக்கும் கை. இதையா வீண் என்கிறீர்கள்?

வீணாவது எப்படி என்று எனக்குத் தெரியும். நானும் இடது கைக்காரன். ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து விரல் கணுக்களில் அடித்தே பலப்பத்தை வலது கைக்கு மாற்றினார். மளிகைக் கடைக்காரர் நான் நீட்டிய காசை வாங்காமல், கை மாறும்வரை வேறு ஆளுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பார். ஒரு மறுவீட்டுப் பந்தியில், சொதிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த இஞ்சிப் பச்சடியை இடது கையால் வழித்தேன். பக்கத்தில் இருந்த ஆச்சி யாருக்கும் தெரியாமல் தொடையில் கிள்ளினாள். நாலு நாள் கன்றிப்போயிருந்தது. நம் பேச்சில் ஒரு கை சோற்றாங்கை, மற்றது பீச்சாங்கை. பெயர் வைத்த அன்றைக்கே தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். இன்றும் என் வலது கைக் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது. மேசையிலிருந்து டம்ளர் உருண்டால் மட்டும் இடது கை முந்திக்கொள்கிறது.

என் வாத்தியார் கையையே மாற்றினார். உங்கள் பயிற்சியாளர் அது நிற்கும் இடத்தை மட்டும்தான் மாற்றியிருக்கிறார். அவரைப் போய்ச் சந்தேகப்படுகிறீர்கள்!

ஆச்சிக்குக் கடைசி ஆண்டில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஊட்டிவிட விடமாட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இடது கையால் உண்பாள். பருக்கைகள் மடியில் சிந்தும். ஒரு நாள் நான் எதிரே போய் உட்கார்ந்து, என் தட்டிலும் இடது கையை வைத்தேன். ஒரு நிமிடம் பார்த்தாள். "அரிசி குழைந்துவிட்டது, உன் அம்மாவிடம் சொல்" என்றாள்.

எங்கேயோ போய்விட்டேன். இந்த அடியில் தேர்ந்தவர்களைக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு டி லா ஹோயாவைப் பாருங்கள், போதும். ஹூக் வராத நேரத்தில் ஜாப் போட்ட கையைத் தாழ்த்தி இழுக்காதீர்கள், நேரே கன்னத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜோ லூயி தாழ்த்தினார். மாக்ஸ் ஷ்மெலிங் அதைக் கவனித்து வைத்திருந்து, 1936 ஜூனில் அந்தச் சந்து வழியே வலது கையை விட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாம் சுற்றில் லூயி எழவில்லை.