மானாவாரி வெள்ளைச்சோளத்துக்கு யூரியா எப்போது, எவ்வளவு?

கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாக வெள்ளைச்சோளம் விதைக்கப் போகிறேன், ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மூட்டை அதிகம்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். இங்கே சோளம் என்றாலே மக்காச்சோளம்தான். வெள்ளைச்சோளத்தை ஊரில் மாமா காட்டில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் இருபது வருஷம் உரம் இறைத்தவன், யூரியாவின் குணம் தெரியும்.

ஒருமுறை இரவுத் தூறலில் மண் மேலாக நனைந்திருந்தது. மழை வந்துவிடும் என்று மண்டோர் (தோட்டத்து மேஸ்திரி) யூரியா போடச் சொன்னார். மூன்று நாள் சொட்டு மழை இல்லை. மரத்தடியில் குனிந்தால் நெடி மூக்கில் ஏறி கண் எரிந்தது. குருணை கரைந்ததே தவிர மண்ணுக்குள் இறங்கவில்லை. அம்மோனியாவாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் புளிப்பு மண்ணிலேயே இந்தக் கதி. சுண்ணாம்புச் சத்துள்ள கரிசலில் கேட்கவே வேண்டாம். வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே என்றும் இருந்துவிடாதீர்கள், அந்தப் பூச்சு இப்படி ஆவியாவதைத் தடுக்காது.

மானாவாரிச் சோளத்துக்குத் தமிழ்நாட்டில் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 20 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்). யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அப்படிப் பார்த்தால் ஏக்கருக்கு 35 கிலோ யூரியா, மணிச்சத்துக்கு, இரண்டு சத்தும் உள்ள டி.ஏ.பி. உரம் போட்டால் அதிலேயே 3 கிலோ தழைச்சத்து வந்துவிடும், யூரியா 28 கிலோ போதும். உங்கள் மூட்டை 45 கிலோ!

பாதியை விதைக்கும்போதே மண்ணுக்குள் போடுங்கள், விதையோடு ஒட்டாமல். ஒட்டினால் முளைப்பு கருகும். மீதிப் பாதிக்கு முப்பதாம் நாள் வாக்கில் காத்திருங்கள். பயிருக்குள் கதிர் உருவாகத் தொடங்கும் நேரம் அது. நாள்காட்டியைப் பார்த்துப் போடாதீர்கள். நல்ல மழை பெய்து, மண்வெட்டியால் கொத்தினால் ஒரு சாண் ஆழத்தில் எடுத்த மண் கையில் உருண்டை பிடிக்க வேண்டும். அன்று களையெடுப்போடு சேர்த்துப் போட்டு மண்ணை மூடிவிடுங்கள்.

மழை வரவில்லையா, அந்தப் பாதியை வீட்டிலேயே வையுங்கள். மாமா ஒரு வருஷம் ஆசையில் முழுசையும் முன்னாலேயே கொட்டினார். தோகை கரும்பச்சையாகச் செழித்து, இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது. பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லை. தட்டை மாட்டுக்கு ஆச்சு, மணி சாவி, வெறும் பதர்.