பழைய லாப்டொப்பில் கவனம் கலைக்காத திரை: எக்ஸ்எஃப்சிஇயில் எதை மாற்றுவது?

திருகோணமலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 4 ஜிபி ராம், எழுதும்போது திரையில் வேறெதுவும் தெரியக் கூடாது.

வேறு டெஸ்க்டொப் தேவையில்லை, லினக்ஸுக்கான இலகுவான டெஸ்க்டொப்பான எக்ஸ்எஃப்சிஇயே போதும். செட்டிங்ஸில் டெஸ்க்டொப், ஐகன்ஸ் பகுதியில் ஐகன் வகையை 'நன்' (None, எதுவுமில்லை) ஆக்குங்கள். பின்னணிக்குப் படம் வேண்டாம், ஒரே நிறம். கீழே இரண்டாவது பெனல் (திரை ஓரத்தில் ஐகன்கள் இருக்கும் பட்டை) இருந்தால் நீக்கிவிடுங்கள். நிரல்களைத் திறக்க ஆல்ட்டும் எஃப்2வும் அழுத்திப் பெயரைத் தட்டினால் சரி.

மேல் பெனலில்தான் கவனம் வேண்டும். அதை 'ஆல்வேஸ்' என்று மறைத்தால் பற்றரி அளவும் மறைந்துவிடும். அறிவிப்புகளையும் நிறுத்தியிருந்தால் எச்சரிக்கையை நம்பியிருக்க முடியாது. கரண்ட் போனது தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பீர்கள், திடீரென்று திரை கறுத்துவிடும். பழைய பற்றரி 20 சதவீதத்திலிருந்து சட்டென்று விழக்கூடும். ஆகவே பவர் மனேஜரில் கிரிட்டிக்கல் அளவை 20 ஆக்கி, அப்போது 'சஸ்பெண்ட்' ஆகும்படி (லாப்டொப் உறக்க நிலைக்குப் போகும்படி) வையுங்கள். பிறகு பெனலைத் தாராளமாக மறைக்கலாம்.