எண்ணெய் விற்கும் நாட்டுக்கு சோலார் எதற்கு?

கே: தோண்டினால் எண்ணெய் வரும் நாடுகள் பாலைவனத்தில் சோலார் பேனல் பரப்புவது வெறும் விளம்பரத்துக்காகவா?

ப: விளம்பரமும் உண்டு, ஆனால் முக்கியம் காசுக்கணக்கு. ஒரு பீப்பாய் 159 லிட்டர். அதில் அடங்கிய வெப்ப ஆற்றல் சுமார் 1,700 யூனிட். நீராவி மின்நிலையத்தில் எரித்தால் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும், 600 யூனிட் தேறினால் பெரிது. அபுதாபியின் அல் தாஃப்ரா சோலார் நிலையத்துக்கு (2 கிகாவாட், 2023இல் திறப்பு) 2020இல் கேட்கப்பட்ட ஏல விலை யூனிட்டுக்கு 1.35 அமெரிக்க சென்ட். அந்த விலையில் 600 யூனிட்டுக்கு ஆகும் செலவு 8 டாலர் சொச்சம். பீப்பாய் 70 டாலருக்கு விலைபோகுமானால் அதைக் கொதிகலனில் ஊற்றுவானேன்? கோடையில் ஏசி சுமைக்காகக் கச்சா எண்ணெயையே எரித்துவரும் சவுதி அரேபியா, 2030க்குள் பாதி மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் எடுக்க இலக்கு வைத்திருப்பதும் இதனால்தான். சொந்த எரிவாயு மலிவாகக் கிடைக்கும் கத்தார் போன்ற நாட்டில் இந்தக் கணக்கு இவ்வளவு இனிக்காது.

கே: அப்படியானால் கார்பன் உமிழ்வும் குறைந்துவிடுமே?

ப: அந்த நாட்டின் ஏட்டில் குறையும். ஒரு பீப்பாய் எரிந்தால் ஏறத்தாழ 430 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, ஐ.நா. கணக்குமுறையில் அது எரித்த நாட்டின் பேரில்தான் பதிவாகும். மிச்சம் பிடித்த பீப்பாய் கப்பல் ஏறினால் உமிழ்வும் கூடவே போய், வாங்கியவர் தலையில் விழும். நார்வேயையே பாருங்கள்: அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம்; 2024இல் அங்கு விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார். எண்ணெய் ஏற்றுமதி மட்டும் நிற்கவில்லை.

‘வளர்ச்சி ஏறியது, உமிழ்வு இறங்கியது’ என்று எண்ணெய் நாடுகள் காட்டும் வரைபடத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள். எண்ணெய் விலை ஏறினாலே ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) தொகை வீங்கும். நிலையான விலையில் (விலை ஏற்றத்தைக் கழித்து), எண்ணெய் சாராத துறைகளைத் தனியே பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நிஜமாகவே குறைக்க வேண்டுமானால் எண்ணெய்க் கிணற்றடியில் தொடங்கலாம். எண்ணெயோடு வரும் வாயுவைக் கொளுத்தி வீணாக்கிக்கொண்டே, மின்நிலையத்துக்கு ஈரானிடம் வாயு வாங்கிவந்த நாடு ஈராக்!

கே: வெயிலுக்குப் பஞ்சமில்லையே, முழுக்க சோலாருக்கு மாறினால் என்ன?

ப: வெளிச்சம் வேறு, சூடு வேறு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு ஏறினால் உற்பத்தி குறையும். பேனலின் திறனை 25 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். பாலைவனத்தில் அது 65 டிகிரிக்குப் போனால், டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று 14 சதவீதம் உற்பத்தி போய்விடும். அதன்மேல் தூசி. விடியற்காலைப் பனி பட்டால் அது சேறாகிக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப்பின் தண்ணீர் இல்லாமல் பேனலைத் துடைக்கும் தூரிகை ரோபோ தேய்த்தாலும் லேசில் வராது.

சூரியன் மறைந்தாலும் ஏசி ஓயாது என்பதுதான் பெரிய சிக்கல். துபாய் சோலார் பூங்காவில் 260 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தின் மீது கண்ணாடிகள் வெயிலைக் குவிக்கின்றன. அங்கே உருகிய உப்பு 565 டிகிரி வரை சூடாகிறது. தொட்டியில் சேமித்த அந்த வெப்பத்தைக்கொண்டு 15 மணி நேரம்வரை டர்பைன் ஓட்டலாம். ஆனால் உப்பு 220 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். ஆகவே குழாய் நெடுக வெப்பக் கம்பி சுற்ற வேண்டியிருக்கிறது. மாலையில் நான்கு மணி நேரம் நீடிக்கும் மின்சுமையை மட்டும் சமாளிக்க வேண்டுமென்றால் பேட்டரியே மலிவு.