பஸ் நிலையத்தை மரத்தில் கட்டி, பிறகு கழற்றி வேறிடத்தில் நிறுத்த முடியுமா?

கோலாலம்பூரில் பஸ் நிலையத்தையோ ரயில் நிலையக் கூரையையோ மரத்தில் கட்டி, பாதை மாறும்போது கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாமா, மழையும் கரையானும் விட்டுவைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். பல ஆண்டுகளாக மரக் கட்டுமானங்களை வரைந்து வருகிறேன். கரையானைவிடப் பெரிய எதிரி, கழற்றுவதை நினைக்காமல் போடும் இணைப்புதான்.

முதலில் ஸ்டோனர் சாலையில் நிற்கும் பெங்ஹுலு அபு செமான் வீட்டைப் பாருங்கள். கெடாவில் ஒரு கிராமத் தலைவருக்காகக் கட்டிய வீடு அது. 1996-இல் அதைப் பிரித்து இங்கே கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள். மலாய்த் தச்சர்கள் தூணில் துளையிட்டு, உத்தரத்தின் கழுந்தை, அதாவது மெலிதாகச் செதுக்கிய முனையை, அதில் செருகி, ஆப்படித்து இறுக்குவார்கள். அந்தப் பொருத்துக்கு மலாயில் 'தங்கம்' என்று பெயர். நம் காதில் பொன்னாக ஒலிக்கும் அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆப்பைத் தட்டி எடுத்தால் பொருத்து விடுபடும். தூண்கள் மண்ணில் புதையாமல் கல்லின் மேல் நிற்பதால், கரையான் ஏறினால் அதன் மண்தடம் கண்ணில் பட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பஸ் பயணிகளுக்கான ஒரு கூடத்தைச் செங்கால் மரத்தில் வரைந்தேன். தூணின் அடிப்பாகம் இரும்புப் பிடியில், தரைக்கு மேலே நிற்க வேண்டும் என்று குறித்திருந்தேன். கட்டியவர்கள் அவசரத்தில் அந்தப் பிடியைச் சுற்றிக் கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். போல்ட் வரத் தாமதமானதால் மேலே பசையும் ஆணியும் போட்டார்கள். நான்கு ஆண்டுகளில் சாலை விரிவாக்கம் வந்தது. கழற்ற வழியில்லாமல் தூண்களைத் தரையோடு அறுத்தார்கள். இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கக்கூடிய மரம் குப்பைக்குப் போனது. கழற்றும் வரிசையை நான் வரைபடத்தில் எழுதியிருக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இப்போது கட்டும் வரிசைக்குப் பக்கத்திலேயே பிரிக்கும் வரிசையையும் வரைகிறேன். ஒவ்வொரு துண்டிலும் எண் பொறிக்கச் சொல்கிறேன். நட்டுக்கு ஸ்பேனர் எட்ட வேண்டும், ஏனென்றால் இங்கே பெரும்பாலும் ஈரமாகவே வரும் கடினமரம் காயக் காயச் சுருங்கி, முதல் ஆண்டிலேயே போல்ட் தளர்ந்துவிடும். சாதாரண இரும்பை மரத்தின் சாறு அரிக்கும், அதனால் துத்தநாகம் பூசியது அல்லது துருப்பிடிக்காத எஃகுதான் போடுகிறேன். மெர்பாவ் என்ற கடினமரம் மழையில் பழுப்புச் சாயம் விடும், வெளிர்நிறத் தரைக்கு மேல் அதை வைக்காதீர்கள்.

பஸ் நிலையத்தில் பெரிய சிக்கல் கூரையின் உயரம். மாடிப் பஸ் உரசாத உயரத்துக்குத் தூக்கினால் மாலை மழையின் சாரல் நேராகப் பயணிகள்மேல் அடிக்கும், தூண்களும் நனைந்துகொண்டே இருக்கும். நடைமேடை விளிம்புக்கு உட்புறமாகத் தாழ்ந்த இரண்டாவது இறவாரம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் இரண்டும் தீரும்.

தீயைப் பற்றியும் பயப்படுவார்கள். தடித்த கடினமரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் கருகும். அரை மணி நேரத்துக்கு 15 மில்லிமீட்டர். அந்தக் கனத்தைக் கூடுதலாக வைத்தே அளவு குறிக்கிறோம்.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். எரித்தாலோ மட்கினாலோ அது காற்றில் கலந்துவிடும், மறுபடி கூரையானால் அப்படியே தங்கும். நெதர்லாந்தில் டிரீபெர்கன் ரயில் நிலையத்தை ஒட்டி 2019-இல் திறந்த டிரியோடாஸ் வங்கியின் மர அலுவலகத்தைக் கழற்றக்கூடியபடி 1,65,312 திருகாணிகளால் இணைத்து, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பதிவும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவுதான் நம் ஊரில் முதலில் காணாமல் போகும். பத்து ஆண்டுகள் கழித்துக் கழற்ற வருபவர் கட்டியவராக இருக்க மாட்டார். அதனால் பிரிக்கும் வரைபடத்தின் ஒரு நகலை, கூரைக்கு அடியிலேயே ஓர் உலோகப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்கிறேன்.