வெளியுலகுக்குப் பெயர் தெரியாத இசைக்கலைஞர் யாராவது உங்கள் ஊரில் வாழ்ந்ததுண்டா?

உண்டு. எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஊர்க் கோயிலில், அச்சனாக இருந்தவர். பாதிரியாரை எங்கள் பக்கம் அச்சன் என்றுதான் சொல்வோம். பெயரை இங்கே போடவில்லை. திருவிழா நோட்டீஸிலேயே தன் பெயரைச் சின்ன எழுத்தில் அடிக்கச் சொன்ன மனிதர், இதைப் பார்த்தால் திட்டுவார்.

தேங்காப்பட்டணம் தாண்டி நீரோடி வரைக்கும் கடலை ஒட்டி வரிசையாக இருக்கிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. மாவட்டம் கன்னியாகுமரி, ஆயரின் நிர்வாகப் பகுதியான மறைமாவட்டம் மட்டும் நாகர்கோவில் பக்கத்துக் கோட்டாறு இல்லை, திருவனந்தபுரம். அச்சனும் இதே கரையில் பிறந்தவர்தான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். அதனால் கடைசி வரை தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில்தான் எழுதினார். அவருடைய பாட்டு நோட்டை முதல்முறை பார்த்தபோது, "அச்சோ, எனக்கு மலையாளம் தெரியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிரித்தார். வாசித்துக் காட்டியபோதுதான் அது நம்ம பாஷை என்று புரிந்தது.

அவர் குருத்துவப் படிப்புக்குச் செமினரியில் சேர்ந்த காலத்தில் பூசை லத்தீனில். தாய்மொழிக்கு வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு 1963 டிசம்பர் 4-ல் வந்தது. "பூசை தமிழுக்கு வந்துட்டு, பாட்டு எங்க இருக்கு?" என்று தாங்கள் முழித்த கதையை அடிக்கடி சொல்வார். அப்படித்தான் மெட்டுப் போட ஆரம்பித்திருக்கிறார். கேசட், சிடி எதுவும் வந்ததில்லை.

எங்கள் பங்குக்கு வந்தபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் பாடகர் குழுவில் கீபோர்டு. ரிதம் பட்டனைத் தட்டிவிட்டு, வால்யூமை ஏற்றிவிட்டு, கோயிலையே அதிரவைப்பதுதான் வாசிப்பு என்று நம்பிக்கொண்டிருந்த வயது. முதல் ஞாயிறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிட்டு, "மக்களே, இன்னைக்குக் கடைசி பெஞ்சுல எத்தன பேரு பாடுனாங்க?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பவன்.

அடுத்து ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. சில விழா நாள் தவிர, அப்போது இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டுமே இருக்கலாம் என்பது திருச்சபை ஒழுங்கு. அச்சன் ஒரு படி மேலே போய் கீபோர்டுக்கு உறையே போட்டுவிட்டார். வெறும் குரல். பெண்கள் அஞ்சு கட்டைச் சுருதியில் எடுக்க, ஆண்கள் எட்டாமல் வாயை மூடிக்கொள்வார்கள். அச்சன் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்து ரெண்டரைக் கட்டையில் நிறுத்தினார். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று வலை பின்னுகிற தாத்தாக்கள் எல்லாம் பாடினார்கள். நன்றாகப் பாடினார்கள் என்று சொல்ல மாட்டேன். பாடினார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு கீபோர்டுக்குப் பதில் பழைய ஆர்மோனியத்தை எடுத்தார். உப்புக் காற்றில் ரீடு எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. மேசை விளக்கை இழுத்துவைத்து, ஒவ்வொரு பித்தளை நாக்குக்கும் அடியில் பழைய போஸ்ட் கார்டுத் துண்டைச் செருகி, சின்ன அரத்தால் தேய்ப்பார். "நுனியைச் சுரண்டுனா சுருதி ஏறும், அடியைச் சுரண்டுனா இறங்கும். ரெண்டையும் சுரண்டுனா ரீடு போச்சு." நான் ரெண்டையும் சுரண்டி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். நடுவில் அந்தக் கட்டை இன்றைக்கும் ஊமைதான்.

அப்புறம் 2017. ஒக்கி புயல் நவம்பர் 30. எங்கள் ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் எச்சரிக்கை வருவதற்கு முன்பே புறப்பட்டிருந்தார்கள். டிசம்பர் முழுக்கக் கோயில் முற்றத்தில் ஆட்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் போகவில்லை. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் வானவர் கீதம் வருகிற இடத்தில் நான் ஆர்மோனியத் துருத்தியில் கை வைத்தேன். அச்சன் திரும்பிப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு பாடாமல், புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். சனமும் வாசித்தது. மணி மட்டும் அடித்தது.

பாடகர் குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. வருஷத்தின் பெரிய பூசை, பாட்டில்லாமலா என்றார்கள். பிறகு நானும் கேட்டேன். "பாடுற ஆண் குரலு பாதி இன்னும் கரைக்கு வரல்ல மக்களே" என்றார். ஒரு இசைக்காரன் எந்த இடத்தில் வாசிக்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். யூடியூபில் தேடினால் இது கிடைக்காது.

அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார், கொஞ்ச காலத்தில் இறந்தும் போனார். அடக்கத்துக்குப் போனபோது நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். அதற்காகவே மலையாள எழுத்து கற்றுக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் கடலம்மாவைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. மேலே '2½' என்று மட்டும் எழுதியிருக்கிறார், ஸ்வரம் இல்லை. பாடகர் குழுவின் மூத்த அக்காமார் இரண்டு பேர் தங்களுக்குத் தெரியும் என்று பாடிக் காட்டினார்கள். இரண்டும் வேறு வேறு மெட்டு.